ஸ்டியரிங்கில் ப்ளே

1. மெத்தைக்கு நடுவே வந்த டிவி

இருபத்தொன்பது இன்ச் டிவி மலை ஏறிய அன்று நான் பிக்கப் வண்டியின் பின்னால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிறுத்திக் கயிறு போட்டிருந்தோம். காரவள்ளியில் தொடங்கி எழுபது வளைவும் முடிவதற்குள் என் முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. டிவியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நான் சேந்தமங்கலம் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு, தொண்ணூற்றேழில் கொல்லிமலைக்கு வந்து வாசலூர்பட்டியில் சர்வீஸ் கடை போட்டேன். ரிப்பேர் வேலை தினமும் இருக்காது. அதனால் கடையின் முன்பாதியில் ஒரு வீடியோ கேம் மெஷினை வைத்தேன். முதலில் கேசட் சொருகுகிற மெஷின், அப்புறம் சிடி போடுகிற மெஷின். படகுத்துறைக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகள் ஆடுவார்கள் என்று நினைத்துத்தான் வைத்தேன். கடைசியில் நிலையாக வந்தவர்கள் ஜீப் டிரைவர்களும் பஸ் டிரைவர்களும்தான். திரும்பும் டிரிப்புக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த இடைவேளையில் உட்கார்ந்து கார் ரேஸ் ஆடுவார்கள். நாள் முழுக்க வளைவில் வண்டி ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் வளைவில் வண்டி ஓட்டுவார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று வருடம் போயிருக்கும். என் கடைக்கு எதிரில் வசந்தா கடை போட்டாள்.

வசந்தா அதே மலையில் எடப்புளி நாட்டுப் பெண். அப்பா மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார். நாமக்கல்லில் தங்கி நான் படித்த அதே படிப்பைப் படித்தவள். அவளும் டிவி ரிப்பேர்தான் செய்தாள், அவளும் ஒரு மெஷின் வைத்தாள். அது நான் அப்போது வைத்திருந்த, பின்னால் பழசு என்று ஒதுக்கிய அதே சிடி மெஷின். டிவியோ சாதாரண இருபத்தோரு இன்ச், முன்பக்கம் உப்பலாக இருக்கும் பழைய மாடல். அதில் கார்கள் கட்டை கட்டையாகத் தெரியும். மரம் என்றால் பச்சையாக ஒரு முக்கோணம்.

ஒரு மாதத்தில் என் டிரைவர்கள் எல்லாரும் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைத் தாங்க முடியாமல்தான் நான் சேலத்துக்குப் போனேன். அப்போது வந்திருந்த புது மெஷினை வாங்கினேன். கூடவே இருபத்தொன்பது இன்ச் ஃப்ளாட் டிவி. அட்டைப் பெட்டியிலேயே 'நூறு ஹெர்ட்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. மற்ற டிவி நொடிக்கு ஐம்பது தடவை படத்தை வரையும், இது நூறு தடவை வரையும். படத்தை நிரப்பும் கிடைக்கோடுகளும் அதிகம். எதிர்க்கடையில் இருப்பதைப்போல எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

2. எதிர்க்கடைச் சிரிப்பு

முதல் வாரம் நல்ல கூட்டம். சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் வாசலிலேயே நின்று, "சூப்பரா இருக்குண்ணா" என்றான். காரின் கண்ணாடியில் மேகம் ஓடுவது தெரியும். மழைக் காட்சியில் ரோட்டில் விளக்கு மினுங்கும். நான் வந்தவர் எல்லாரிடமும் கோட்டுக் கணக்கையும் ஹெர்ட்ஸ் கணக்கையும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

இரண்டாவது வாரம் டிரைவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள்.

பொன்னுசாமி அண்ணன் என்று ஒரு பஸ் டிரைவர். ஐம்பது வயது இருக்கும். அந்த மலை ரோட்டில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர், பிரேக் போடுவதே பயணிகளுக்குத் தெரியாது. அவர் என் கடையில் இரண்டு ஆட்டம் ஆடினார். "படம் நல்லாருக்குதுங்க தம்பி" என்று எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக வசந்தா கடைக்குப் போனார். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள்.

என் மனதில் என்னென்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவள் சொந்த ஊர்க்காரி, அதனால் போகிறார்கள் என்று நினைத்தேன். பெண் பிள்ளை சிரித்துப் பேசுகிறாள், அதனால் போகிறார்கள் என்றும் நினைத்தேன். அவள் டீ வாங்கிக் கொடுத்து மயக்குகிறாள் என்று என் மனைவி கமலத்திடமே சொன்னேன்.

கமலம், "டீயெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவங்கவங்க பிளாஸ்க்கு கொண்டாராங்க" என்றாள்.

எதிர்க்கடையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பினால் போதும், என் கை சால்டரிங் அயர்னோடு நின்றுவிடும். யார் ஜெயித்தார்கள், யார் பள்ளத்தில் விழுந்தார்கள் என்று காது அங்கேயே இருக்கும். அந்த மாதம் ஒரு ரேடியோவில் வயரை மாற்றி வைத்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செட்டைப் புகைய விட்டேன்.

3. இல்லை என்று சொன்னது

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். வசந்தா என் கடை வாசலுக்கு வந்தாள். அதுவரை அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஏனுங்ணா, என்ற டிவில எல்.ஓ.டி. போயிருச்சுங்க. உங்ககிட்ட இருக்குதுங்களா?"

எல்.ஓ.டி. என்றால் பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர். அது போனால் செட் இருண்டு கிடக்கும். எல்லா மாடலுக்கும் ஒன்றே பொருந்தாது. அவளுடைய மாடலுக்குப் பொருந்துகிற எல்.ஓ.டி. என் ரேக்கில், பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது.

"இல்லீங்க அம்மணி. சேலத்துலதான் கேக்கோணும்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிங்ணா" என்று போய்விட்டாள்.

அடுத்த பஸ்ஸில் சேலம் போனாள். அங்கே அந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். அவள் கடைக் கதவில் பாதிப் பலகை சாத்தியிருந்தது. அன்று மத்தியானம் என் பெஞ்ச் நிறைந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. சாப்பாடு அவ்வளவு ருசியாக இருந்தது.

4. டிரைவர் சொன்ன கம்ப்ளெயின்ட்

மூன்றாம் நாள் பொன்னுசாமி அண்ணன் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே வளைவில் நாலு தடவை சுவரில் இடித்தார். ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டி ஸ்டியரிங்ல ப்ளே இருக்குதுங்க."

"என்னங்ணா சொல்றீங்க?"

"பழைய பஸ்ல இருக்குமே. ஸ்டியரிங்கச் சுத்தினா சித்த நேரம் சும்மா சுத்தும், அப்பறந்தான் சக்கரம் திரும்பும். அது மாதிரி. நான் ஒடிக்கறேன், வண்டி யோசிச்சுட்டு ஒடியுது."

"அண்ணா, இது நூறு ஹெர்ட்ஸுங்க. அந்தப் பக்கம் இருக்கற டிவியவிட ரெண்டு மடங்கு வேகமுங்க."

"இருக்கும் சாமி. நீங்க படிச்சவங்க. என்ற கைக்குத் தெரியறதச் சொன்னேன்."

பக்கத்தில் இருந்த ஜீப் டிரைவர், "ஆமாங்க, எனக்கும் அப்படித்தான்" என்றார். "படத்துக்கு ஆசப்பட்டுத்தான் வாரோம். ஓட்ட முடியலீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்க்கடைக்காரி ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. டிரைவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நிரூபித்தே தீருவது என்று, பஸ் கிளம்பிப் போனதும் கடைக்குள் ரிப்பேர் முடிந்து கிடந்த ஒரு சாதாரண இருபத்தோரு இன்ச் டிவியைத் தூக்கி வந்தேன். அதே புது மெஷினை, அதே ஏ.வி. வயரை அதில் மாட்டினேன். உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது மெஷின் வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் நான் அதில் ஒரு ஆட்டம்கூட முழுதாக ஆடியிருக்கவில்லை. பின்னால் நின்று படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வளைவில் விரலை அழுத்தினேன். கார் அந்தக் கணமே திரும்பியது. மறுபடியும் பெரிய டிவியில் மாட்டினேன். அழுத்தினேன். ஒரு இமைப்பொழுது கழித்துத் திரும்பியது. வயரை மாற்றிப் பார்த்தேன், சிடியை மாற்றிப் பார்த்தேன். ஐந்தாறு தடவை மாற்றி மாற்றி ஆடினேன். கோளாறு எதுவும் இல்லை. அந்த டிவி செய்யப்பட்டதே அப்படித்தான்.

அப்புறம் மேனுவலைப் பிரித்து சர்க்யூட்டைப் பார்த்தேன். நூறு ஹெர்ட்ஸ் என்பது இதுதான்: மெஷின் அனுப்பும் படத்தை டிவி முதலில் ஒரு மெமரியில் வாங்கி வைத்துக்கொள்கிறது, பிறகு அதையே இரண்டு தடவை வரைகிறது. கண்ணுக்குப் படம் துடிக்காமல் நிற்கும், சினிமா பார்க்க அருமை. ஆனால் புதிதாக ஒரு படமும் கூடுதலாக வருவதில்லை, வாங்கி வைக்கிற நேரம் மட்டும் தாமதமாகிறது. உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. இருபது வருடம் மலை ரோட்டில் ஸ்டியரிங் பிடித்த கைக்கு இரண்டாவது வளைவிலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் பொன்னுசாமி அண்ணனைச் சின்ன டிவியில் ஆட விட்டேன். மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டு, "இப்பத்தானுங்க வண்டி. அந்தம்மா கடைல இருக்கறதவிட இது வழுக்கிட்டுப் போவுது" என்றார். அதுவும் உண்மைதான். பழைய மெஷினில் அந்த மாதிரி ஆட்டம் நொடிக்கு முப்பது படத்தைத் தொடுவதே கஷ்டம், புது மெஷினில் அதற்கு இரண்டு மடங்கு பக்கம் வரும். நிஜமாகப் புதுப் படம் கூடினால் கை அதை உணர்கிறது. கோடு கூடியதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நான் அப்போது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எதிரே பாதி சாத்திய பலகையைப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

5. டார்ச் பிடித்த அரை மணி நேரம்

ரேக்கிலிருந்து எல்.ஓ.டி.யை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். வசந்தா ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தாள்.

"இது கெடச்சுதுங்க" என்று நீட்டினேன்.

அவள் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். "மூணாவது தட்டுல இருந்துச்சுங்க. அன்னைக்கே பாத்துட்டுத்தான் கேட்டேன்."

 "தப்புங்க அம்மணி. பொறாமைல சொல்லிட்டேன்" என்றேன். அந்த வார்த்தையை வாயைத் திறந்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டாள். நான் மாட்டித் தருகிறேன் என்றதற்கு, "வேண்டாமுங்ணா, டார்ச்ச மட்டும் புடிங்க" என்றாள். பிடித்தேன். என்னைவிடச் சுத்தமாகச் சால்டர் வைத்தாள். அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் மறுபடி ஒன்று எரிந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்படி எரிந்தது.

படம் வந்ததும் நான் டிரைவர் சொன்னதையும் மெமரி விஷயத்தையும் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பைப் போலத்தான் சொன்னேன்.

"தெரியுமுங்ணா" என்றாள். "நீங்க டவுனுக்குப் போயிருந்த ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஆடிப் பாத்தேன். கமலம் அக்காதான் கடைல இருந்தாங்க. ரெண்டு வளைவுலயே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாமுங்களே!"

"எங்கீங்க சொல்றது? வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் நீங்க கோடு எத்தனைன்னு சொல்லிட்டே இருந்தீங்க. ஆடறவங்களுக்கு எப்படி இருக்குதுன்னு நீங்க ஒருத்தரையும் கேக்கலீங்க."

6. அப்புறம்

பெரிய டிவியைச் செம்மேட்டில் ஒரு லாட்ஜுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே சினிமா போட்டார்கள், எல்லாரும் புகழ்ந்தார்கள். டிரைவர்கள் இரண்டு கடைக்கும் பிரிந்து வந்தார்கள். வசந்தாவும் நானும் ஸ்பேர் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டோம். அவள் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் என் கை நிற்பது மட்டும் நிற்கவில்லை. நாலு வருடம் கழித்து அவள் கல்யாணமாகி ஈரோடு போய், அங்கே ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியன் ஆனாள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெட்டியில் போட்டிருக்கும் நம்பரை வைத்து ஒரு மெஷினை நல்லது என்று சொல்லாதீர்கள். ஆடுகிறவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கி நீங்களே ஆடிப் பாருங்கள். நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம் எனக்குத் தொழில் தெரியாதது அல்ல. அந்த இடத்தில் உட்கார்ந்தால் எதிர்க்கடைக்காரி சரி என்று தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

எல்.சி.டி. டிவி மலைக்கு வந்த புதிதில், மிளகு வியாபாரி ஒருவர் பெரிய செட் வாங்கி மகனுக்குப் புது கேம் மெஷினும் மாட்டியிருந்தார். பையன் ஆட்டம் இழுக்கிறது என்று அழுகிறான், மெஷினை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் முதலில் தரையில் உட்கார்ந்து ஆடினேன். பிறகு டிவி மெனுவுக்குள் போய், படத்தை மெருகேற்றும் வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். படம் கொஞ்சம் சாதாரணமானது. பையன் ஒரு வளைவு ஓட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளினான்.

வியாபாரி, "கைதேர்ந்த ஆளுங்க நீங்க. ஆருகிட்டத் தொழில் கத்தீங்க?" என்றார்.

இதெல்லாம் என் அனுபவம் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"வசந்தான்னு ஒரு அம்மணிங்க" என்றேன். "எனக்கு எதுத்தாப்புல கடை வெச்சிருந்தாங்க."