உள்ளங்காலை யாரும் பார்க்கவில்லை

என் வலதுகால் செருப்பு எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தில் முண்டியடித்து நடந்து, தெற்கு மாசி வீதியில் நான் சேலை விற்கும் ஜவுளிக்கடை வாசலுக்கு வந்துவிட்டேன். வேட்டி செக்‌ஷன் முருகேசன்தான் பார்த்தான்.

“என்னண்ணே, ஒத்தச் செருப்போட வாரீக?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று முழுக்க ஜமுக்காளத்தில் நின்று சேலை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. சித்திரை வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு ஏன் சுடவில்லை?

இதைப் படிக்கிற நீங்கள் சர்க்கரைக்காரர் என்றால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நீங்களும் என்னைப் போலத்தான் டாக்டரிடம் பாதியைச் சொல்லி மீதியை முழுங்குகிற ஆளாக இருப்பீர்கள். ஒன்பது வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். ரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்னால் மூன்று நாள் பத்தியம், எடுத்த அன்றைக்கே ஜிகர்தண்டா.

செருப்புக் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். நைலான் நரம்பு ஒன்றால் உள்ளங்காலை அங்கங்கே தொடுவார்களாம். தொடும்போது சொல்ல வேண்டுமாம்.

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது டாக்டர்.”

“இப்ப?”

“நல்லாத் தெரியுது.”

“கண்ணைத் திறங்க. வலது கால்ல நான் இன்னும் தொடவே இல்ல.”

நாற்பத்தேழு வயதில், பக்கத்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டியவன் மாதிரி விழித்தேன். அதற்குப் பேர் நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு கெட்டு உணர்ச்சி மரத்துப்போவது) என்றார். மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது, தெரியாத புண் உள்ளேயே புரையோடும், கடைசியில் காலை எடுப்பதில் போய் நிற்கும் என்றார்.

அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாடிப்பட்டியில் என் கூடப்பிறந்த அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். இதே சர்க்கரையில் அவருடைய இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது கல்லாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அந்த மடித்துக் கட்டிய வேட்டிக்குத்தான் போகும். எனக்கு அந்தக் கதி வரக்கூடாது. அந்தப் பயம் ஒன்றுதான் என்னை வீட்டைவிட்டு வெளியே தள்ளியது.

முதலில் நடந்தேன். ஆனையூரில் எங்கள் ஏரியாவில் காலையில் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு. புதிதாக ஒருத்தன் சிக்கினால் விடமாட்டார்கள். ஒருவர் ஆவாரம்பூ என்றார். ஒருவர் வெந்தயத்தை ஊறப்போடு என்றார். இன்னொருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு சிறுகுறிஞ்சான் பொடி தின்னச் சொன்னார். அவருக்கு இன்சுலின் ஊசி போடுகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள் அவர்களைத் தூரத்தில் பார்த்ததும் ஓடினேன். நடக்கிறவனோடு சேர்ந்து நடக்கலாம். ஓடுகிறவன் பின்னால் வந்து வைத்தியம் சொல்ல அந்த வயிறுகளுக்கு முடியாது.

நான் ஓட்டக்காரன் ஆன லட்சணம் இதுதான்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். நெஞ்சைச் சோதித்தார், காலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்தார், மெதுவாக ஓடலாம் என்றார். கூடவே மூன்று கட்டளை. முன்பக்கம் அகலமான ஷூ இல்லாமல் ஓடக்கூடாது. வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது. தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். “யாராவது” என்று சொல்லும்போது அவர் என் மனைவி மல்லிகாவைப் பார்த்தார்.

ஒரு லைட் கம்பம் ஓடுவேன், இரண்டு கம்பம் நடப்பேன். நெஞ்சு வெடிக்கும். நாய்கள் நான் வருவதற்காகவே காத்திருக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு ஆள், தினமும் ஒரே கேள்வி: “யாருண்ணே தொரத்துறா?” ஒருநாள்கூட அந்த ஆள் வேறு கேள்வி கேட்டதில்லை. ஓடினால் மனசு லேசாகும் என்று போனில் யாரோ ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வானே, அவனைக் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். எனக்கு இரண்டு மாதம் ஓட்டம் பிடிக்கவே இல்லை. அண்ணனின் மடித்த வேட்டியை நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

ஐப்பசி முடிவில் ஒரு காலை, கண்மாய்க்கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிற்காமல் ஓடிவிட்டேன். போய் நின்ற இடத்தில் சும்மா அழுதேன். சந்தோஷம்தான், வேறென்ன. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) இறங்கியிருந்தது. டாக்டரம்மா முதல்முறையாக என்னிடம் சிரித்தார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. கார்த்திகை பிறந்தது. வருடா வருடம் போல ஐயப்பனுக்கு மாலை போட்டேன்.

மாலை போட்டவன் செருப்புப் போடக்கூடாது. எனக்கு அது புதிதில்லை, பதினாறு வருடப் பழக்கம். குருசாமியிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டேன். “சாமி, கால்ல உணர்ச்சி இல்லைங்கிறாக. ஷூ போட்டு ஓடலாமா?”

“அவன் பாத்துக்கிருவான் சாமி. முள்ளும் கல்லும் காலுக்கு மெத்தைன்னு பாடுறோம், அது பொய்யா?” என்றார்.

ஓட்டத்தை நாற்பத்தொரு நாள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று பயம். என்னை எனக்குத் தெரியாதா? அதனால் ஓட்டத்தையும் விடவில்லை, விரதத்தையும் விடவில்லை, ஷூவைத்தான் விட்டேன். கண்மாய்க்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். அதில் வெறுங்காலோடு ஓடினேன்.

வலிக்கவே இல்லை. அதுதான் கொடுமை. முன்பு குதிகாலில் இருந்த எரிச்சல்கூடத் தெரியவில்லை. ஓட ஓடக் கால் இறுகிவிட்டது, சாமி அருள் வேறு சேர்ந்துவிட்டது என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். வலி தெரியாததை நோய் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மாலை கழுத்தில் ஏறியதும் அதே விஷயத்தை வரம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மல்லிகா விடவில்லை. “டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா உங்களுக்கு?”

“மாலை போட்டவன்கிட்டப் பேசுற பேச்சா இது?” என்று கத்தினேன்.

“சரிங்க சாமி. நல்லதுங்க சாமி,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. விரதத்தில் நான் தனிப் பாய், தனித் தட்டு. தினமும் உள்ளங்காலைப் பார்க்கிற வேலையும் நின்றுபோனது.

அந்த நாட்களில் என் காலில் எத்தனை பேர் விழுந்தார்கள் தெரியுமா? மாலை போட்டவன் சாமி அல்லவா. பஜனை முடிந்ததும் சின்னவர் பெரியவர் என்று வரிசையாகக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட விழுந்தார்கள். எல்லோரும் தொட்டது மேல்காலை. அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை, ஓடிவிட்டுக் குளித்து வந்தேன். லேசாகக் குளிர் நடுக்கம். விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல், அதனால்தான் என்று நினைத்தேன். மல்லிகா வீடு துடைத்துக்கொண்டிருந்தாள். பூஜை மாடத்திலிருந்து வாசல்வரை துடைத்தவள் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றாள். துடைத்த தரையில் என் கால்தடம். இடதுகால் தண்ணீர்த் தடம். வலதுகால் தடத்தில் மட்டும், விரலுக்குக் கீழே, பழுப்பாக ஒரு வட்டம்.

“காலைத் தூக்குங்க,” என்றாள். சாமி இல்லை, கீமி இல்லை.

தூக்கினேன். அவள் முகத்தைத்தான் நான் பார்த்தேன். அதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது விரலின் அடியில் கருவேல முள் ஒன்று ஒடிந்து உள்ளே நின்றிருந்தது. எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். தெரியாது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்றார். “விரலோட நிக்குதா, பாதத்துக்கு ஏறுதான்னு மூணு நாள்ல தெரியும். ஏறுச்சுன்னா நான் விரலைப் பத்தி மட்டும் பேச முடியாது.”

அந்த மூன்று நாளும் நான் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. டெப்ரைட்மென்ட் (அழுகிய சதையைச் சுரண்டி எடுப்பது) செய்தபோதுகூட வலிக்கவில்லை. சுரண்டுகிற சத்தம்தான் கேட்டது. வலிக்கட்டும், ஒரு தடவையாவது வலிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கால் என்னுடையதாகவே தெரியவில்லை. யாரோ என் இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பில் எதுவும் இருக்கக்கூடாது என்றார் நர்ஸ். மாலையைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. மல்லிகாதான் கழற்றி, கும்பிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டாவது விரலை எடுத்தார்கள். பாதம் நின்றது.

அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு வாடிப்பட்டியிலிருந்து வந்தார். கட்டுப்போட்ட காலை நெடுநேரம் பார்த்தார். “அம்புட்டுத்தானா? ஒரு விரல்தானா?” என்றவர், அடுத்த நிமிஷம், “என் காலைப் பாத்துமாடா உனக்குப் புத்தி வரல?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அழுதார். என் மேல் பட்ட கோபத்திலேயே நியாயமான கோபம் அதுதான்.

குருசாமியும் வந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. விரதத்தில் ஏதோ குறை இருந்திருக்கும் சாமி, மனசுக்குள் யோசித்துப் பாருங்கள் என்றார்.

“குறை கால்ல இருந்துச்சு. உங்ககிட்டச் சொன்னேன்ல?” என்றேன்.

ஐயப்பன் மேல் எனக்கு வருத்தமில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி அவர் என்னிடம் பேசியதில்லை. பேசியதெல்லாம் மனிதர்கள், கேட்டதும் ஒரு மனிதன்.

புண் மூட இரண்டு மாதம். பிறகு எம்.சி.ஆர். செருப்பு (மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது). அதைப் போட்டுக்கொண்டு கடையில் ஜமுக்காளத்தில் ஏற விடமாட்டார்கள் என்று நினைத்தேன். முதலாளி ஒரு நாள் முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிட்டார். ஆடியில்தான் மறுபடி ஓட அனுமதி கிடைத்தது. விரல் இருந்த இடத்தில் பஞ்சுபோல ஒரு அடைப்பு வைத்த ஷூ. முதல் நாள் ஒரு லைட் கம்பம். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது உடம்பு. ஆட்டோ ஸ்டாண்டில் அந்த ஆள் இருந்தான். “யாருண்ணே தொரத்துறா?”

“வாடிப்பட்டி அண்ணன்,” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை.

இந்தக் கார்த்திகையில் குருசாமியிடம் போய், செருப்போடு மாலை போடலாமா என்று கேட்டேன். அதெப்படிச் சாமி என்றார். சரி என்று வந்துவிட்டேன். இப்போது கண்மாய்க்கரைப் பக்கம் போவதில்லை, ரோட்டோரமாகவே ஓடுகிறேன். மாலை போட்ட சாமிகள் வெறுங்காலோடு எதிரே வருவார்கள். கும்பிட்டுவிட்டு ஓடுவேன். அவர்களில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் நில்லுங்கள், உள்ளங்காலைத் திருப்பிக் காட்டுங்கள் என்று கத்தத் தோன்றும். இரண்டு பேரிடம் கத்தியும் இருக்கிறேன். ஒருவர் திட்டினார். ஒருவர் காட்டினார்.

முன்பெல்லாம் அடுத்த வருடம் மலை, அதற்கடுத்த வருடம் மகள் கல்யாணம் என்று வருடக்கணக்கில் பேசுகிறவன் நான். இப்போது என் கணக்கு நாளைக் காலை ஐந்து மணிவரைதான். ஐந்துக்கு மல்லிகா ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். கல்யாணத்தன்று மாமியார் சொல்லியும் என் காலில் விழாதவள் அவள். இப்போது தினமும் அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து, போன் லைட்டை அடித்து, மிச்சமிருக்கிற விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள். அவள் கை படுவது எனக்குத் தெரியாது. அதனால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்த்து முடித்ததும் சாக்ஸை என் மேல் எறிவாள்.

“இன்னைக்கு இருக்கு. போயிட்டு வாங்க.”