ஆட்கள் இருந்தால் சூடாகும் கட்டடம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அதை வடிவமைத்தவர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். தடித்த சுவர்கள், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே உள்ள சூடு வெளியே கசியாது. "உங்கள் உடற்சூடும் கணினிகளின் சூடுமே பெரும்பாலும் போதும்" என்றார். முதல் குளிர்காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. வெளியே லண்டன் விறைத்துக் கிடக்க, நாங்கள் கம்பளிச் சட்டைகளைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வேலை செய்தோம்.

மாணவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை, நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவருடையது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். லண்டனின் மேற்கு ஓரத்து ஹவுன்ஸ்லோவிலிருந்து தினமும் வருவார்.

பிறகு வெளிநாட்டு மாணவர்கள் குறைந்தார்கள். ஆட்குறைப்பு தொடங்கியது. மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மிஞ்சியவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நேரில் வரும் மாணவர்களுக்காக அக்காவும் நானும் மட்டும் போனோம். அந்தக் குளிர்காலம் எங்கள் மாடி சூடாகவே இல்லை.

அக்காவின் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். தேநீர்க் கோப்பையைப் பொத்திப் பிடித்தபடி இருப்பார். கடைசியில் வீட்டிலிருந்து சின்ன ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கட்டட மேலாளர் வந்து அதன் பிளக்கைக் கழற்றினார். சங்கடத்தோடுதான் சொன்னார்: "மாடி நிறைய ஆட்கள் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் கட்டியது இது. தனி ஹீட்டர் வைத்தால் பசுமைச் சான்றிதழுக்கான மின்சார அளவைத் தாண்டிவிடும்."

அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப எங்களைத்தான் விறகா நினைச்சுக் கட்டினவங்களோ?"

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வீட்டிலை இருந்து செய்யக் கேளுங்கோவன் அக்கா."

"கேட்டனான். ஏலாதாம். ஆராவது இஞ்சை முகம் காட்டோணுமாம்."

தைப்பொங்கல் கழிந்த கிழமை அவரையும் கூப்பிட்டு, வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். மேசையைத் துடைத்து வைத்தார். கையுறையைக் கழற்றாமலே என் தோளைத் தொட்டார். "உடம்பைப் பாத்துக்கொள்ளும் பிள்ளை."

மறுநாள் அவ்வளவு பெரிய மாடியில் நான் தனியே இருந்தேன். ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள் அவை. நான் திரையைப் பார்த்தபடி இருக்க, அவை அணைந்தன. கையைத் தூக்கி ஆட்டினேன். எரிந்தன. திரும்ப அணைந்தன.

பங்குனியில் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"விமானத்துக்குச் சாப்பாடு பொதி செய்யிற இடத்திலை வேலை," என்றார். "குளிர் அறைக்குள்ளதான்."

"திரும்பவும் குளிருக்குள்ளயா அக்கா?" என்றேன்.

"பரவாயில்லைப் பிள்ளை. இவங்கள் குளிர் எண்டு முதலே சொல்லி, தடிச்ச ஜாக்கெட்டும் தந்தவங்கள்."

"விரல் எப்பிடி?"

"அங்கை மரத்துப்போன சுண்டுவிரலிலை உணர்ச்சி இன்னும் வரேல்லை. டொக்டர் இனி வராதெண்டுறார்," என்றார்.