கரியெடுக்க எண்ணெயா, களிம்பா?

முகம் கழுவுவதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சோப்புப் போட்டால் அழுக்குப் போய்விடுகிற முகம் வாய்த்தவர்கள். நன்றாக இருக்கட்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை சில வருஷங்கள் இல்லாமல் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், டயருக்குக் கலக்கிற கரித்தூளை மூட்டை பிடிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தேன். வீட்டுக்கு ஒரு செல்போன் வர ஆரம்பித்திருந்த காலம் அது. கரித்தூள் என்றால் அடுப்புக்கரி இல்லை. முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட மெலிசு. மூக்கை மூடித் துணி கட்டினால் துணிக்குள்ளே வரும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கன்னத்தில் இருந்தது கழுத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத நேரத்தில் அந்தக் குழாயடியில் முகத்தோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோள் வலிக்கிறது.

இருப்பதிலேயே பெரிய இம்சை இமையோரம். இமை முடி முளைக்கிற இடத்தில் கரி போய் உட்கார்ந்துகொள்ளும். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு மை தீட்டிய மாதிரி இருக்கும். புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் ஒரு காலேஜ் பெண் என்னிடம் வந்து, "இது எந்தக் கடை மை, அக்கா? கலையவே மாட்டேங்குதே!" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, வா, ஒரு மூட்டை தருகிறேன் என்று சொல்லியிருப்பேன். வாயைத் திறக்கவும் சலிப்பாக இருந்தது. சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

என்னோடு மூட்டை தைத்த அக்கா எளாவூர்க்காரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் லாரி ஓட்டப் போனவன், நினைத்தால் வருவான். அவள் எண்ணெய்க் கட்சி. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, முகம் பூராவும் வழித்து, பழைய துணியால் ஒரே துடை.

"ரெண்டு சொட்டு எண்ணெய்டி. அஞ்சு நிமிசத்துல உள்ள கீற ஆளு வெளிய வந்துருவா. நீ இன்னாடான்னா சோப்ப போட்டுக்கினு மணிக்கணக்கா நிக்கற" என்பாள்.

அவள் சொன்னது சரிதான். கரியை எண்ணெய்தான் சட்டென்று இழுக்கும். ஆனால் இமையோரத்தில் வைத்தால் கரியோடு சேர்ந்து கண்ணுக்குள் இறங்கும். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். மறுநாள் காலையில் எடை மெஷினில் எண்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரியும். அக்காவுக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை.

அதனால் நான் களிம்புக் கட்சிக்குப் போனேன். புதுவாயல் மெடிக்கல் ஷாப் பாயிடம், உதட்டு வெடிப்புக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பு ஒரு டப்பா வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "கண்ணுக்குலாம் தடவாதம்மா, அப்புறம் பேஜாரா பூடும்" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

களிம்பு உருகி ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். எரியாது. ஆனால் அதற்கு அவசரம் என்பதே கிடையாது. பூசி, ஊறவிட்டு, பஞ்சுத்திரியால் ஒற்றி, மறுபடி பூசி, மறுபடி ஒற்றி, கை ஓய்ந்துபோகும். கன்னம் தெளியும். இமையோரத்துக் கோடு கொஞ்சம் வெளுக்கும், போகாது. மறுநாள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பழையபடி கறுக்கும். "ஊட்ல சும்மா கீறவளுக்குத்தாண்டி இதெல்லாம்" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்தச் சமயத்தில்தான் திருவள்ளூர் பக்கம் செல்போனுக்குச் சின்னச் சின்ன உதிரி செய்கிற கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும் என்று ஓர் ஏஜென்ட் வந்தார். வெள்ளைக் கோட்டு, ஏசி, அழைத்துப் போக வேன். பொடி பொடியான சாமானைப் பொறுக்கி வைக்கிற வேலை, அதனால் கண் நன்றாகத் தெரிய வேண்டும். பவுடர், மை, பூ எதுவும் கூடாது. ஏஜென்ட் இன்னொன்றும் சொன்னார். "கரித்தூள்ல வேலை செஞ்சேன்னு வாயத் தொறக்காதீங்க. நெஞ்சைப் படம் எடுத்துக்கினு வான்னு அலைய உடுவாங்க. ஊட்ல சும்மா இருந்தோம்னு சொல்லுங்க."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. முன்னேற வேண்டும் என்றெல்லாம் இல்லை. வேலையை விட்டு வந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அக்காவுக்கும் அதேதான். இரண்டு பேரும் போவது என்று முடிவு செய்தோம்.

ஆள் எடுக்கிற அன்று காலையில் அக்கா தன் எண்ணெயை நம்பினாள். இமையைத் திருப்பிப் போட்டு, துணியைச் சுருட்டி, கோடு இல்லாமல் தேய்த்து எடுத்துவிட்டாள். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பெனி வாசலில் வேனை விட்டு இறங்கும்போது கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்.

செக்யூரிட்டி இரண்டடி பின்னால் போனார். "யம்மா, மெட்ராஸ் ஐ வச்சிக்கினு உள்ள வராத! எல்லாருக்கும் ஒட்டிக்கும்!"

"மெட்ராஸ் ஐ இல்ல நைனா, எண்ணெய் பட்டுட்ச்சு."

"கண்ணுக்குப் போயி எவனாவது எண்ணெய் வைப்பானா? சரியானப்புறம் வா."

அக்கா கெஞ்சிப் பார்த்தாள், பிறகு கத்திப் பார்த்தாள். எதற்கு எண்ணெய் வைத்தாள் என்று சொன்னால் எங்கே வேலை செய்தாள் என்பதும் வெளியே வந்துவிடும். கடைசியில் என் முதுகில் கை வைத்து, "நீ போடி. ரெண்டு பேரும் நின்னுக்கினு இன்னா பண்றது" என்று உள்ளே தள்ளினாள்.

எனக்குக் கண் தெளிவாகத் தெரிந்தது. அரிசிக்குருணை மாதிரி இருந்த திருகாணிகளைச் சின்ன இடுக்கியால் எடுத்து ஓட்டையில் நிறுத்தினேன். ஒன்றுகூட விழவில்லை. மேற்பார்வை மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மை போடக்கூடாதுன்னு சொல்லலையா உனக்கு?"

ஒரு பேப்பர் துணியால் அவரே என் இமையைத் தொட்டு இழுத்தார். கறுப்பாக வந்தது. மை இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்பார். களைத்துப்போயிருந்தேன்.

"மைதான் மேடம்."

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இங்க வேணாம். திங்கக்கிழமை வேலைக்கு வா. அன்னிக்கும் மையோட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

வெளியே அக்கா புங்கமரத்தடியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "அடிப்பாவி, மையாமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "திங்கக்கெழமைக்குள்ள அந்தக் கரி போவணுமே" என்றாள். நாங்கள் போன அன்றோடு ஆள் எடுப்பு முடிகிறது என்று செக்யூரிட்டி அவளிடம் சொல்லியிருக்கிறார். அதை அவள் என்னிடம் சொன்னது வேனில் பாதி வழி வந்த பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை எளாவூரில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசல் வெளிச்சத்தில் என்னைப் படுக்க வைத்தாள். எண்ணெய் பாட்டிலை அவள் தொடவே இல்லை. "எம்மாதிரி ஒன் கண்ணும் செவந்துச்சின்னா அவ்ளோதான்" என்று என் களிம்பு டப்பாவைத் திறந்தாள். இத்தனை நாள் கேலி செய்த அந்த வேலையை இப்போது அவளே செய்தாள். பூசினாள், ஒற்றினாள், பூசினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் முடியின் அடியில் கோடு அப்படியே நின்றது.

"முடியோட வெட்னாத்தான் வரும் போல கீதுடி."

"இமை முடியையா? திரும்ப வளருமாக்கா?"

"தலமுடி வளரல? வளராங்காட்டிதான் இன்னா இப்ப. அங்கதான் தூசியே கெடையாதாமே, ஒனக்கு இமை இன்னாத்துக்கு? ஆடாம படு, குத்திடப் போறேன்."

நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டினாள். குனிந்திருந்த அவள் கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. புறங்கையால் துடைத்துத் துடைத்து வெட்டினாள். நாளைக்கு மறுபடி அந்த ஷெட்டுக்குப் போகப் போகிறவள் என் கண்ணைச் சுத்தம் செய்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. உள்ளே போனதும் உனக்காகக் கேட்கிறேன் என்றேன். "கேளு கேளு" என்றாள். இரண்டு தடவை கேட்டேன். ஆள் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலையில் வேன் சிப்காட் முனையில் நின்று வேலை கிடைத்த எங்களை ஏற்றிக்கொண்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரோட்டின் அந்தப் பக்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போகிற கூட்டத்தில் அக்கா இருந்தாள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். "நாஷ்டா துன்னியாடி?" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினாள். தலையாட்டினேன். வேன் கிளம்பியது.

இமை முடி இல்லாத கண்ணில் காற்று நேராக வந்து அறைந்தது. கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "காத்து அடிக்குதாக்கா?" என்று எட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சாத்திய பிறகும் நிற்கவில்லை.