பார்க்கிங்கில் உறுமும் சிவப்பு பைக்

மைசூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஞாயிறுதோறும் மேல்மாடிக்காரர் ஒருவர் வந்துவிடுவார். ஐம்பது வயதுத் தொப்பைக்கு மேல் தோல் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். சிவப்பு நிற இத்தாலியன் பைக்கின் டேங்க் மீது கவிழ்ந்து படுத்து, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறும விடுவார்.

ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "வெளியே எடுக்கவே மாட்டீங்களா சார்?"

"எங்கே எடுக்கறது? முதல் கியர்லயே நூறைத் தொடும். நம்ம ரோட்ல அதுக்குள்ள ஸ்பீட் பிரேக்கர் வந்து வண்டியோட அடி தட்டும். சிக்னல்ல நின்னா சூட்டுல தொடை வெந்துடும்."

"அப்புறம் எதுக்கு இது?"

"ஸ்வல்ப, கொஞ்சம் தொட்டுப் பாருங்க." என் கையை எடுத்து டேங்க் மேல் வைத்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "இதுக்காவது வெளியே போகணும்னு இருக்கே சார்."

லிஃப்டுக்குள் வந்தேன். கதவு மூடிய பிறகும், எந்த மாடி என்று அழுத்தத் தோன்றாமல், கையில் அந்த நடுக்கத்தோடு நின்றிருந்தேன்.