சுகந்தி கேஜ் மாட்டிய வெள்ளைக் கார்

தேவிபட்டினத்துக்குப் பாவம் கழிக்க வருகிறவர்கள் கடலில் முங்கி எழுந்த கையோடு தேடி வருவது சுகந்தியின் ஒர்க்‌ஷாப்பைத்தான். பாவம் போன வேகத்தில் வேனின் ரேடியேட்டர் தண்ணீரும் போயிருக்கும். அதை அடைத்துக் கொடுப்பதுதான் ஏழு வருஷமாக அவளுடைய முக்கியத் தொழில்.

திருவாடானைப் பக்கத்து விவசாயி மகள் அவள். ஆட்டோமொபைல் டிப்ளமோவில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். ராமநாதபுரத்தில் ஒரு ஷோரூம் அந்தத் திறமையை உடனே அடையாளம் கண்டு, ஏசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது. மூன்று வருஷம் சிரித்தாள். பிறகுதான் இந்தத் தகரக் கொட்டகை.

அங்கேதான் ஒரு நாள் காலையில் அந்த வெள்ளைக் கார் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்காக. மீன் ஏற்றும் வண்டி ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. டர்போ மாட்டிய கார், முன்னூறு குதிரை சக்தி என்று பக்கவாட்டு ஸ்டிக்கர் சொன்னது. இழுத்து வந்த வண்டியில் அப்படியெல்லாம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

காரின் சொந்தக்காரன் ஃபஹத் கீழக்கரைக்காரன். துபாயிலிருந்து ஒரு மாச லீவில் வந்து, அதில் மூன்று வாரத்தை ஒர்க்‌ஷாப் வாசல்களில் கழித்திருந்தான்.

"மிதிச்சா மூவாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் சிங்கம் மாரி போவுதுக்கா. அதுக்கு மேல இருமுது. இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தலன்னு மீட்டர்ல காட்டுது. அதான் இன்ஜின் போயிரும்னு பயந்து கட்டி இழுத்தாந்தோம்."

"யாருகிட்டயெல்லாம் காட்டுனீங்க தம்பி?"

ஒருவர் காரின் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லியிருந்தார். ஒருவர் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றியே விட்டார். வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நூற்றுப் பன்னிரண்டு காரணம் சொன்னார்கள். டர்போ மாட்டிக் கொடுத்த கோயம்புத்தூர்க்காரர்தான் ஏமாற்றுப் பேர்வழி என்று ஃபஹத் தானே முடிவு கட்டி வீடியோவும் போட்டிருந்தான். பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். பெட்ரோல் பிரஷரை அளந்து பார்த்தவர் மட்டும் யாருமில்லை.

கூட வந்திருந்த தாய்மாமா சீனி முகம்மது கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏம்மா, இது வெளிநாட்டுச் சாமானெல்லாம் போட்ட காரு. பாத்துச் செய்வியா?"

"பாக்காமச் செஞ்சதுனாலதான் பாய் இங்கன வந்துருக்கு."

இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் லைனில் பிரஷர் காட்டும் கேஜ் ஒன்றை இணைத்து, அதை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினாள். ஃபஹத் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளை மட்டும் பார்த்தாள். டர்போ காற்றைத் தள்ளத் தள்ள ஏற வேண்டிய முள், மிதித்ததும் இறங்கியது. திரும்பி வந்து இன்ஜினை அணைத்தார்கள். முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. சுகந்திக்கு அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது, யாரும் சொல்லாமலே.

ஃபில்டர் அடைப்பென்றால் ஓடும்போது இறங்கும். நின்ற பிறகு இப்படி வடியாது. அப்படியானால் பெட்ரோல் எங்கேயோ நழுவுகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு இல்லை. பம்புக்கு வரும் கரண்டை அளந்தாள், குறையில்லை. பிரஷரை ஏற்றிவிட்டு, இன்ஜினிலிருந்து டாங்குக்குத் திரும்பி வரும் லைனை இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் முள் விழுந்தது. டாங்கிலிருந்து புறப்படும் லைனைப் பிடித்தாள். முள் நின்றது.

"டாங்குக்குள்ளதான் கசியுது," என்றாள்.

டாங்கின் மூடியைக் கழற்றிப் பம்பை வெளியே எடுத்தபோது, அதன் தலையில் மாட்டியிருந்த சாண் நீள ரப்பர் ஓஸ் ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்தது. நடுவில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. மிதிக்கும்போது பம்ப் தள்ளிய பெட்ரோலில் பாதி அந்த வாய் வழியாக டாங்குக்கே திரும்பிக் கொண்டிருந்தது.

"பெட்ரோல் ஓஸ்தானேக்கா அது?" ஃபஹத்தின் குரல் இறங்கியது.

"உள்ளுக்குள்ள பெட்ரோல் ஓடுனா தாங்கும். வெளிப்பக்கமும் பெட்ரோல்லயே கெடந்தா ஊறிப்போகும். டாங்குக்குள்ள போட வேற ஓஸ் இருக்கு. கோயம்புத்தூர்க்காரருக்கு இது தெரியாம இருக்காதே."

ஃபஹத் ஸ்டிக்கரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "அவரு போட்ட பம்ப் சின்னதுன்னு துபாய்லருந்து பெருசு ஒண்ணு கொண்டாந்தேன். வீடியோ பாத்து நாந்தான் மாட்டுனேன். ஓஸும் நாந்தான் வாங்குனேன்."

"ஏலே!" என்றார் சீனி முகம்மது.

சுகந்தி பம்பைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தாள். "புது ஓஸ் மதுரையிலருந்து நாளைக்கு பஸ்ல வந்துரும். ஆனா நீங்க மொதல்ல அந்த மனுசனுக்குப் போன் போடுங்க. அப்பத்தான் டாங்க மூடுவேன்."

"நாளைக்குப் பேசிக்கிறேன்க்கா."

"இப்பப் பேசுங்க."

முன்பு ஷோரூமில் வாடிக்கையாளன் ஒருவன் தன் வீட்டிலேயே காருக்கு விளக்கு மாட்டி ஒயரிங்கைக் கருக்கிக் கொண்டு வந்தபோது, அவள் சொன்னபடி மாட்டியதாகப் பழியைச் சுகந்தி பெயரில் எழுதித்தான் மேனேஜர் அவளை வெளியே அனுப்பினார். கருக்கியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அதை அவள் ஃபஹத்திடம் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

அவன் போன் போட்டான். கோயம்புத்தூர்க்காரர் திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தான். அவர் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த ஓஸ் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். ஃபஹத்தின் முகம் அதில்தான் சுருங்கியது. பழைய வீடியோவை அழித்து, மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டான். அதை நாற்பத்தோரு பேர் பார்த்தார்கள்.

மறுநாள் ஓஸ் மாட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினார்கள். மிதிக்க மிதிக்க முள் ஏறியது, இறங்கவே இல்லை. ஃபஹத் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினான். அந்த ஒரு நிமிஷத்தில் சுகந்திக்கும் அவன்மேல் கோபம் இல்லை. நாலு நாளில் அவன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான்.

முன்னூறு குதிரைகளும் இப்போது சீனி முகம்மதின் பொறுப்பில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை தோறும் கறி வாங்க முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் போகிறார். போன மாசம் தேவிபட்டினம் வந்தவர் கொட்டகை வாசலில் நிறுத்தினார்.

"பிரஷரெல்லாம் சரியா இருக்கான்னு ஒருக்கா பாரும்மா."

"நீங்க போற வேகத்துக்கு பம்பே வேண்டாம் பாய்," என்று சொல்லிவிட்டுச் சுகந்தி கேஜை எடுக்கப் போனாள்.