நான்காம் நம்பர் சைக்கிள்

பிரசவ வார்டுக்குள் நுழைந்து "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் அத்தனை நர்சுகளும் திரும்புவார்கள். பழைய சைக்கிள் கிளப்பில் அப்படிக் கூப்பிட்டால் திரும்புவதற்கு ஒரே ஒருவர்தான். அவரும் சும்மா திரும்ப மாட்டார். "என்ன, என் வண்டியில கை வைக்கணுமா?" என்று முறைத்துக்கொண்டேதான் திரும்புவார்.

அந்த முறைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிளப் என்று சொன்னால் பெரிதாக ஒன்றும் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கடைக்காரர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரிக்காரர், தையல்காரர், கணக்கு வாத்தியார் என்று ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத மகராசன்கள், இங்கே வந்தால் செயினைப் பல் பல்லாகத் துடைப்பார்கள். குறை சொல்லக் கூடாது. இந்த ஊரில் எந்தக் காலத்தில் என்ன சைக்கிள் ஓடியது, அதற்கு எந்த விளக்கு, எந்த பெல் என்று தெரிய வேண்டுமானால் இவர்களைத்தான் கேட்க வேண்டும். இவர்கள் இல்லை என்றால் அத்தனையும் எடைக்குப் போயிருக்கும்.

ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. லேடீஸ் சைக்கிள் என்றால் இவர்களுக்கு சைக்கிளே இல்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்று கண்ணில் பட்டால் போதும், தூக்கி வந்து விளக்கைக் கழற்றி ஒருவர், செயின் கவரைக் கழற்றி இன்னொருவர் என்று தங்கள் வண்டிகளில் மாட்டிக்கொள்வார்கள். மிஞ்சிய பிரேம் பெரும்பாலும் வந்த வழியே இரும்புக் கடைக்குத் திரும்பிவிடும். "ஒரு ஸ்பேர் வந்திருக்கு" என்றுதான் பேசிக்கொள்வார்கள். அதை எந்தப் பெண் ஓட்டினாள், எதற்காக ஓட்டினாள் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டுமே! ம்ஹூம்.

சிஸ்டருக்குக் கிடைத்தது மருத்துவமனையின் சைக்கிள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்கு என்று ஒரு காலத்தில் ஆறு வாங்கினார்களாம். ஐந்து எப்போதோ ஏலத்தில் போய்விட்டன. ஒன்று மட்டும் உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. அடுத்த ஏலத்தில் சிஸ்டர் அதை எடுத்து, டியூட்டி முடிந்ததும் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஏம்மா, சோபா வாங்கலாம்னுதான பேசிட்டிருந்தோம்?"

"சோபா எல்லார் வீட்டுலயும் இருக்குங்க. இது யார் வீட்டுல இருக்கு?"

"அதான் யாரும் வைக்கலையே, ஏன்னு யோசிச்சியா?"

வாய்தான் அப்படி. மறுநாளே அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் கழுவ உட்கார்ந்துவிட்டார். பெயின்ட் அடிக்க மட்டும் சிஸ்டர் விடவில்லை. உரிந்த பச்சை நிறமும், பின் மட்கார்டில் வெள்ளையாக எழுதியிருந்த நான்காம் நம்பரும் இருந்தபடியே இருக்கட்டும் என்றுவிட்டார். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க மட்கார்டிலிருந்து அச்சு வரைக்கும் கட்டும் நூல் வலை மட்டும் மக்கிப்போயிருந்தது. இரண்டு முறை பின்னிப் பிரித்து, மூன்றாவது முறையில் அச்சு அசலாகக் கொண்டுவந்தார்.

அதைத் தள்ளிக்கொண்டு முதல்முதலாக கிளப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் ஓடி வந்தார்கள். பின் சக்கரத்தின் நடுவே, கியர் அடங்கிய உருளையைப் பார்த்தார்கள். "அடடா, கியர் ஹப்! இரும்புக் கடைக்கு வர்றதெல்லாம் சக்கரமே இல்லாமத்தான வரும்!" என்றார் தையல்காரர். பேக்கரிக்காரர் ஸ்பேனரையே எடுத்துவிட்டார்.

"கையை எடுங்க!"

வார்டில் கூட்டம் போடும் சொந்தபந்தங்களை ஒரே அதட்டலில் வெளியே அனுப்புகிற குரல் அது. ஸ்பேனர் தானாகப் பைக்குள் போனது.

தகராறு அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வருடம் எல்லா ஊர் கிளப்புகளும் கூடும் பெரிய கண்காட்சி இங்கேயே நடப்பதாக முடிவானது. தலைவரிடம் ஒரு அருமையான சைக்கிள் இருந்தது. சிஸ்டரின் வண்டியைச் செய்த அதே கம்பெனி, அதே வருடம், பார் வைத்த ஆண்கள் வண்டி. எல்லாம் சரியாக இருந்தது, ஹப் மட்டும் வேறு. அது மட்டும் கிடைத்தால் கோப்பை நிச்சயம். தலைவர் வீடு தேடி வந்துவிட்டார்.

"சிஸ்டர், கப்பு எனக்கா வருது? நம்ம கிளப்புக்குதான வருது."

"கப்பு வரும் தலைவரே. சைக்கிள் போயிடுமே."

"வேற ஹப் போட்டுத் தர்றேன். ஜம்முனு ஓடும்."

"உங்க வண்டியும் இப்ப வேற ஹப்லதான ஜம்முனு ஓடுது?"

தலைவர் முகம் சுண்டிப்போனது. கெட்ட மனிதர் இல்லை, ஆசை யாரை விட்டது! கமிட்டி கூடியது. ஒத்துழைக்காதவர் வண்டிக்குக் கிளப் வரிசையில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"குடுத்துடேன்மா," என்றார் கணவர். "ஒரு ஹப்புதான?"

"பிரசவத்துக்கு வந்தவகிட்ட கிட்னியைக் கேட்பாங்களா? ஒண்ணுதானன்னு?"

சிஸ்டருக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இந்த வண்டியும் ஸ்பேராகிவிட்டால், அதில் ஏறிப் போன பெண்கள் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். அப்படியானால் ஓட்டியவர்களையே கூட்டி வந்து நிறுத்தினால் என்ன?

மறுநாள் முதல் வேலையே அதுதான். ஓய்வு பெற்ற ஒவ்வொருவரிடமும் விசாரித்து விசாரித்து, கடைசியில் ஒரு போன் நம்பர் கிடைத்தது. அந்தக் காலத்து ஹெட் நர்ஸ். எல்லாரும் 'பெரிய சிஸ்டர்' என்பார்களாம்.

"நாலாம் நம்பரா?" என்றது போனில் குரல். "என் வண்டிம்மா அது! பின் பிரேக் கீச் கீச்சுனு கத்துமே, இன்னும் கத்துதா?"

"கத்துதும்மா," என்றார் சிஸ்டர். கண்காட்சி நாளைச் சொல்லி, வந்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கண்காட்சி நாளில் மைதானம் நிரம்பி வழிந்தது. கிளப் வண்டிகள் பந்தலுக்குள் பளபளவென்று நின்றன. நான்காம் நம்பர் வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றது. சிஸ்டர் வேண்டுமென்றே வார்டு யூனிஃபார்மில் வந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு ஒரு கார் வந்தது. மகன் கையைப் பிடித்து இறக்கிவிட, பெரிய சிஸ்டர் வந்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், வலையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு கைத்தடியை மகனிடம் நீட்டிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினார்.

"அம்மா! வேணாம்மா, விழுந்துடுவீங்க!"

"சும்மா இருடா. உன்னைப் பெத்துட்டு லீவு முடிஞ்ச அன்னிக்கே இதை ஓட்டினவ நான்."

ஏறிவிட்டார். முதலில் வண்டி ஆடியது. சிஸ்டர் கேரியரைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினார், மைதானத்தின் நடுவில் கையை விட்டார். பெரிய சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி மிதித்துக்கொண்டு போனார். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு சுற்று முழுதாகச் சுற்றினார். கைதட்டல் காதைப் பிளந்தது. முதலில் தட்டியது தலைவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். இதைப் பார்க்கத்தானே இத்தனை பேச்சும் வாங்கினேன் என்று சிஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கிளப் பந்தலுக்கு முன்னால் பிரேக் கீச்சிட, வண்டி நின்றது. பெரிய சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"நாலாம் நம்பரைக் காப்பாத்தி வச்சிருக்கீங்க, நல்லா இருங்க. மத்த அஞ்சும் எங்கப்பா? நாங்க ஆறு பேரும் ஒண்ணாதான் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவோம்."

பேக்கரிக்காரர் மெல்ல நகர்ந்து தன் வண்டியின் விளக்கை மறைத்து நின்றார். ஆனால் பெரிய சிஸ்டரின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"தள்ளு தம்பி. இது ரெண்டாம் நம்பரோட லைட்டு இல்ல? அதை ஓட்டினவ மழையில ஒரு பிரசவத்துக்குப் போறப்ப பாலத்துல விழுந்தா. அப்ப நெளிஞ்சது இது."

எடைக்குப் போய்விட்டது என்று ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். தலைவர் தப்பிக்கவில்லை.

"எல்லாம் இங்கதாம்மா இருக்கு," என்றார். "ஒவ்வொரு வண்டியிலயும் இருக்கு. நாங்கதான் பிரிச்சோம். பிரேம் ரெண்டு என் கொட்டகையில கிடக்கு. மத்தது... தேடணும்."

சொல்லிவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க சிஸ்டருக்குத் தெரியாதா என்ன? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தலைவர் தன் சைக்கிளைத் தானே வரிசையிலிருந்து வெளியே எடுத்தார். நான்காம் நம்பரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு தரையில் மண்டியிட்டுத் தன் வண்டியின் செயின் கவரைக் கழற்றத் தொடங்கினார். நடுவர்கள் வரும் நேரம் அது. கணக்கு வாத்தியார் பெல்லைக் கழற்றினார். தையல்காரர் கேரியரைக் கழற்றினார். சிஸ்டர் ஒரு நாற்காலி போட்டுப் பெரிய சிஸ்டரை உட்கார வைத்தார். ஒவ்வொன்றையும் அவரிடம் கொடுத்து, எந்த நம்பருடையது என்று கேட்டுச் சீட்டு எழுதிக் கட்டினார்.

கடைசியாகத்தான் பேக்கரிக்காரர் வந்தார், கையில் விளக்கோடு. பெரிய சிஸ்டர் அதை வாங்கி மடியில் வைத்து, நெளிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதை ஓட்டினவ போய்ச் சேர்ந்துட்டா," என்றார். "அவ பொண்ணு இருக்கா. அம்மா வண்டி வருதுன்னு அவகிட்ட சொல்லிடுங்க."