எட்டு மேசைகளும் ஓர் அரைக்காசும்

பிஸ்கட் தகரப் பெட்டியில் நாற்பத்தேழு பொட்டலங்கள் இருந்தன, பொட்டலத்துக்கு ஒரு பழங்காசு. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை எண்ணிவிடுவேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் ஐந்து குடும்பங்கள், பத்தொன்பது பேர், ஒரே சமையலறை. அங்கே எண்ணாமல் வைத்த பொருள் எதுவும் எண்ணியபடி இருந்ததில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. சிங்கப்பூர் தன் பெயரில் காசு அடிக்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு வாசகசாலையின் மாடியில் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். எட்டு மேசைகள். வெள்ளைத் துணி விரித்து, பழங்காசுகளைத் தட்டுகளில் அடுக்கி வாங்குவார்கள், விற்பார்கள், மாற்றிக்கொள்வார்கள். ஐந்தாவது மேசை பாயுடையது. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மற்ற ஏழு பேருக்கும் வேறு தொழில் இருந்தது. பாய்க்குக் கடை கிடையாது. அந்த மேசைதான் கடை.

என்னிடமிருந்த நாற்பத்தேழில் பாய் மதித்தது ஒன்றே ஒன்றை. ராணியின் தலை போட்ட செப்பு அரைக்காசு. பழைய புளியங்கொட்டையைப் போலக் கறுத்திருந்தது. ஒரு சனிக்கிழமை அதை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம். ஒரு காசைப் பார்க்க ஆறு நிமிடம் எதற்கு?

"என்ன விலை கேக்குறே தம்பி?"

"விக்க மாட்டேன்."

"அப்ப நீ சரியான ஆளுதான்" என்று சிரித்தார். மெல்லிய தாளில் அவரே மடித்துக் கொடுத்தார். கை எண்ணெய் பட்டால் காசு கெட்டுவிடும், பிரிக்கவே பிரிக்காதே என்றார். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் காசுகளை வைக்கலாம், என் மேசையில் ஒரு மூலையை எடுத்துக்கொள் என்றும் சொன்னார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் வீடு போகும் வழியெல்லாம், முழு மேசைக்கு வாடகை கட்டுகிறவர் கால் மேசையைச் சும்மா தருவாரா என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

அந்த மாதம் முழுவதும் பொட்டலங்களை எண்ணினேன், ஒன்றையும் பிரிக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அன்று அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா என்னுடன் வந்தாள். அந்த மாடிக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவள் போலத் தலைநிறையப் பூ வைத்திருந்தாள். பாய் எழுந்து தம் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உக்காருங்க தங்கச்சி. ஒங்க மவன் பெரிய யாவாரியா வருவான், பாருங்க. எங்கிட்டயே பேரம் படியல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாமணத்தால் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து வைத்தேன். முப்பத்தொன்றாவது பொட்டலம் அரைக்காசு. தாளை விரித்தேன். உள்ளே இருந்தது என் காசு இல்லை. கடையில் நேற்று வாங்கிய செப்புச் சொம்பு போலப் பளபளவென்று ஒன்று கிடந்தது. ராணியின் கூந்தல் மழுங்கியிருந்தது. கறுப்பு என்பதே இல்லை.

மடித்துக் கொடுத்தவர் யார்? பிரிக்காதே என்றவர் யார்? மேசையில் இடம் கொடுத்து வாயை அடைத்தவர் யார்? மூன்று கேள்விக்கும் ஒரே விடை. நான் கத்தினேன்.

"இது என் காசு இல்ல! பாய் மாத்திட்டாரு! என் காசை எடுத்துட்டு வேற காசை வச்சுட்டாரு!"

எட்டு மேசைகளிலும் பதினேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், சும்மா இருடா" என்றாள் அம்மா.

பாய் காசை எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஓர எழுத்துகளுக்கு நடுவே நூல் போல ஏதோ பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் கிள்ளி, விரல்களுக்கிடையில் உருட்டி, மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். தடயத்தை அழிக்கிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. பிறகு அவர் பார்வை அம்மாவின் கைகளுக்குப் போனது. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காசு சேர்ப்பவர்களின் சங்கச் செயலாளர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். "பாய், சின்னப் பையன்கிட்டயா? நல்லா இல்ல லா இது."

பாய் காசை வெள்ளைத் துணியின் மேல் வைத்தார். பிறகு, "எங் கைத்தப்புதான் சார். மடிக்கும்போது மாறிப் போயிருக்கும்" என்றார். தம் தட்டிலிருந்து கறுத்த அரைக்காசு ஒன்றை எடுத்தார். என்னுடையதைவிட நல்ல காசு. கூந்தல் இழை இழையாகத் தெரிந்தது. அதை மடித்து என்னிடம் நீட்டினார். "இதையும் வச்சுக்க, அதையும் வச்சுக்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

குற்றவாளி தானே ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டதாக நினைத்தேன். இரவு எண்ணியபோது நாற்பத்தெட்டு. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கூட்டத்தில் கத்தி அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேன், அந்தக் கோபம் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

பிறகு வெகுகாலம் நான் அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லி வந்தேன். வியாபாரியை நம்பக்கூடாது என்பதற்கு அதுதான் என் கைவசமிருந்த சான்று. இருபத்தாறு வருடம் கழித்து, புக்கிட் மேரா வீட்டில் ஒரு வியாழக்கிழமை மாலை, என் பெண்ணுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா வெள்ளிக்கிழமைக்காகப் புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அந்தக் காசை நான்தான்டா தேச்சேன்" என்றாள். "விளக்கோட சேத்து, புளி போட்டு. நாலு பேர் பாக்கற எடத்துக்கு எம்புள்ள இப்படி அழுக்குக் காசைக் கொண்டு போறானேன்னு இருந்துச்சு. அந்த பாய் மோந்து பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவருக்குத் தெரிஞ்சுருச்சுன்னு."

தேய்த்தால் பழங்காசின் மதிப்பே போய்விடும் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கைகளைப் பார்த்தேன். நகக்கண்கள் பத்தும் கறுத்திருந்தன.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்னையும் அப்படிக் கத்துவியோன்னு பயந்தேன்" என்றாள். மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.

அதற்குள் வாசகசாலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பாயைத் தேட எனக்குத் தெரிந்த வழிகள் மூன்று. மூன்றிலும் அவர் கிடைக்கவில்லை.

பதினொரு வயதில் நான் எண்ணிக்கை எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாயிடம் கத்தியதற்கு அடுத்த மாதச் சனிக்கிழமைக்கு நேரே என் கையெழுத்தில் இரண்டு வரிகள். காசு: நாற்பத்தெட்டு. மேசை: ஏழு. மாடிப்படி ஏறியதும் எண்ணியிருக்கிறேன். நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே வெறும் தரை கிடந்ததும் நினைவிருக்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாத் தட்டுகளும் வசதியாகத் தெரிந்தன. அன்று முழுவதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.